ஆணி மரத்துக் கிண்ணம்

ஜூன் 3, திங்கள்

கருவி இன்று காலை பார்சலில் வந்தது. கனமான இரும்புத் தாங்கி ஒன்று, அதன் மேல் சுழலும் கை ஒன்று, அரிவாள் போல வளைந்த கத்திகள் சிறிதும் பெரிதுமாக. சாதாரணமாக ஒரு மரத்துண்டில் கிண்ணம் கடைந்தால் உள்மரம் முழுவதும் சீவலாகத் தரையில் விழும். இந்த வளைந்த கத்தி சுவரை ஒட்டி வட்டமாக உள்ளே இறங்கி, உள்மரத்தைக் குமிழாக அறுத்து எடுத்துவிடும். அந்தக் குமிழ் இன்னொரு கிண்ணம் ஆகும். ஒன்றுக்குள் ஒன்றாக ஒரே துண்டில் மூன்று எடுக்கலாம்.

வாங்கச் சொன்னவள் வெயிலம்மாள். நான் ஐ.டி.ஐ.யில் இரும்பு கடையும் டர்னர் பிரிவுக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்று, பின்கட்டில் மர லேத் போட்டு ஐந்து வருடம் ஆகிறது. அவள் அந்தப் பக்கம் வந்ததில்லை. ஏப்ரலில் நல்லமுத்தன்பட்டி விலக்கில், ஊருக்குப் பாதை பிரிகிற இடத்தில், சாலை அகலப்படுத்த வாகை மரங்களை வெட்டுகிறார்கள் என்று தெரிந்ததும், அவளாகவே வந்து, "அதுல ஒரு துண்டு வேணும்ங்க" என்றாள். நல்லமுத்தன்பட்டி அவள் பிறந்த ஊர். அவளுடைய சித்தப்பா குருவையாவுக்கு ஆனியில் எண்பதாம் கல்யாணம்; அதற்குக் கிண்ணம் கடைந்து கொடுக்க வேண்டுமாம்.

இருவரும் போனோம். அவள் ஒரு மரத்தின் கிழக்குப் பக்கம் முதுகைச் சாய்த்து நின்றாள். உச்சந்தலைக்குப் பின்னால் கையைக் கொண்டுபோய் மரத்தைத் தொட்டு, "இந்த உசரத்துல எடுங்க" என்றாள். ஏன் அந்த உயரம் என்று நான் கேட்கவில்லை. மரம் பார்ப்பதில் சிலருக்கு ஒரு கண் உண்டு.

"உள்ள இருக்கறது தூளாப் போகாம எடுக்க வழியில்லையா?" என்று திரும்பும் வழியில் கேட்டாள். இந்தக் கருவியைப் பற்றிச் சொன்னேன். "அப்ப அத வாங்குங்க."

ஜூன் 4, செவ்வாய்

தாங்கியை லேத்தின் அடித்தளத்தின் மேல் பொருத்தினேன். கத்தி முனையை லேத்தின் மையத்துக்குச் சரியாக, முடியளவும் பிசகாமல் வைத்தேன். ஒவ்வொரு வருடமும் பையன்களுக்கு முதல் வகுப்பில் சொல்லிக்கொடுத்த பாடம் இது.

மதியம் கேஸ் வந்தது. குழாயில் வாஷர் மாற்றினேன்.

ஜூன் 6, வியாழன்

மரம் அறுக்கப் போட்டிருந்த மில்லுக்குப் போனேன். சிக்கந்தர் பாய் என்னைக் கண்டதும் கையெடுத்துக் கும்பிட்டார்.

"வாத்தியாரே, உங்க மரத்த நீங்களே கொண்டுபோங்க. என் ரம்பத்துல ரெண்டு பல்லு போச்சு."

"கல்லா பாய்?"

"கல்லுன்னா மன்னிச்சிருப்பேனே. ஆணி மரம் சார் இது. கோடாங்கிங்க பேயோட்டி, அந்தப் பொம்பளப்புள்ள முடிய ஆணியில சுத்தி அடிச்சுட்டு, மிச்ச முடிய அறுத்து அனுப்புவாங்கள்ல? அந்த மரம். வெட்டுக்காரப் பயலுக இத மட்டும் கடைசி வரைக்கும் தொடல. சேவல் அறுத்துட்டுத்தான் மிசின வச்சானுக."

"நீங்க பேய நம்புறீங்களா?"

"பேய நம்புறனோ என்னமோ, ஆணிய நம்புறேன். பல்லு போயிருச்சே."

கையடக்கமான மெட்டல் டிடெக்டர் ஒன்று வைத்திருக்கிறார். அதைத் துண்டின் மேல் ஓட்டினார். பட்டை ஓரத்து ஆணிகள் அவருடைய ரம்பத்தோடு போய்விட்டன. நான் கேட்ட அரைத்துண்டில் ஒன்றே ஒன்று, ஆழத்தில் கத்தியது. அந்த இடத்தில் சாக்பீஸால் வட்டம் போட்டார். வெட்டுமுகத்தில், விளிம்பை ஒட்டி, மை சிந்தியது போல நீலக்கறுப்பாக ஒரு கறை.

"இது பழைய ஆணி. அடிச்சு நாப்பது வருசம் இருக்கும். மரம் அப்பிடியே முழுங்கிருச்சு" என்றார். "வேற துண்டு தரேன், இது வேணாம் சார்."

வெயிலம்மாள் சொன்ன உயரம் இதுதான். இதையே ஆட்டோவில் ஏற்றினேன்.

ஜூன் 9, ஞாயிறு

துண்டை லேத்தில் மாட்டுவதற்கு முன் பாரம் பார்த்துச் சமன் செய்யவே காலை முழுவதும் போயிற்று. பட்டைப் பக்கம் கிண்ணத்தின் அடி; வெட்டுமுகம் வாய். வெளிப்புறத்தைச் சாதாரண உளியால் உருட்டினேன். உள்ளே இன்னும் ஈரம். சுற்றும்போது முகத்தில் தண்ணீர் தெறித்தது. மழைக்கு முந்தைய மண் போல ஒரு வாசனை.

பதினொரு மணிக்கு வெயிலம்மாள் முதல் முறையாகப் பட்டறை வாசலில் வந்து நின்றாள்.

"ஆணி எங்க வருது?"

காட்டினேன்.

"சீவலோட போயிருமா?"

"ஆணி போகாது, உளிதான் போகும். முதல்ல அதப் பிடுங்கணும்."

"பிடுங்கக் கூடாது. கிண்ணத்துச் செவுத்துக்குள்ளயே இருக்கணும். அசையாம இருக்கணும். அதுக்குத்தான இத வாங்கச் சொன்னேன்."

செய்யலாம் என்றேன். கத்தியை ஆணிக்கு உட்புறமாக ஓட்டினால் ஆணி சுவரிலேயே தங்கும். அவள் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாள்.

பாய் சொன்ன ஆணி விஷயத்தை அவளிடம் நான் சொல்லவில்லை. பாய் போன் செய்து சொல்லியிருக்கலாம். அவரிடம் கேட்டுக்கொள்ளவில்லை.

ஜூன் 12, புதன்

முதல் வெட்டு. சிறிய கத்தியில் தொடங்கினேன். சின்னக் குமிழ் முதலில், பிறகு பெரியது. கத்தி நான்கு விரல் ஆழம் போகும் வரை ஒழுங்காகப் போனது. அங்கே மரம் கத்தியைக் கவ்வியது. லேத் முழுவதும் அதிர்ந்தது. ஒரு சத்தம் வந்தது. ஈர மரத்தில் நீளக் கத்தி துடித்தால் கூர்மையாகச் சத்தம் வரும். அப்படித்தான் வந்தது.

சுவிட்சை அணைத்தேன். சத்தம் உடனே நிற்கவில்லை. லேத் சுழன்று அடங்க நேரம் ஆகும்.

வெயிலம்மாள் கரண்டியோடு வாசலில் நின்றாள். இன்னொரு கை அவளுடைய உச்சந்தலைக்குப் பின்னால் இருந்தது. அங்கே கட்டைவிரல் அகலத்துக்கு முடி முளைப்பதில்லை. சின்ன வயதுத் தீக்காயம் என்று கல்யாணத்தின்போது சொன்னார்கள். எப்போதும் அதை மறைத்துத்தான் வகிடு எடுப்பாள்.

"கேட்டீகளா?" என்றாள்.

"கத்தி சத்தம்."

"சரி" என்றாள்.

ஜூன் 13, வியாழன்

தவறு என்னுடையது. இரும்பு கடைபவன் செய்கிற தவறு. இரும்பில் கத்தி குட்டையாக, விறைப்பாக இருக்கும்; முனை மையத்தில் வைத்தால் மையத்திலேயே நிற்கும். இது நீளமான வளைந்த கத்தி. மரம் தள்ளும்போது கீழே வளையும். மையத்துக்குக் கீழே போனதும் மரம் கவ்வுகிறது. முனையைக் கொஞ்சம் மேலே வைத்துத் தொடங்க வேண்டும், பாரம் ஏறும்போது அது தானாக மையத்துக்கு வந்துவிடும். நேற்றைய சத்தத்துக்கு இதுதான் காரணம்.

ஜூன் 16, ஞாயிறு

முனையை ஒரு போஸ்ட் கார்டு கனம் உயர்த்தினேன். சிறிய குமிழ் சுத்தமாகக் கழன்று கையில் விழுந்தது. தேங்காய் மூடி அளவு. வெதுவெதுப்பாக இருந்தது.

பட்டறை வாசலில் வேப்பிலைக் கொத்து செருகினேன். கொசு அதிகம்.

ஜூன் 18, செவ்வாய்

மின்வெட்டு. பட்டறை திறக்கவில்லை.

ஜூன் 19, புதன்

நேற்று மின்வெட்டு இல்லையாம். வெயிலம்மாள் கிரைண்டரில் மாவு ஆட்டியிருக்கிறாள்.

ஜூன் 23, ஞாயிறு

குருவையாவின் மகன் கதிரேசன் பத்திரிகை வைக்க வந்தான். தாம்பூலத் தட்டை நீட்டிவிட்டு, "அக்கா, நீங்க முந்துன நாளே வந்துரணும். அப்பா உங்களத்தான் கேட்டுக்கிட்டே இருக்காரு" என்றான். கறிவேப்பிலை பறித்துத் தருகிறேன் என்று வெயிலம்மாள் பின்பக்கம் போனாள். அவனும் கூடவே போனவன் பட்டறை வாசலில் நின்றுவிட்டான்.

"என்ன மரம் அத்தான் இது?"

"உங்க ஊரு வாகைதான். விலக்குல நின்னதே. உங்கப்பாவுக்குத்தான் கிண்ணம்."

அவன் முகம் மாறியது. துண்டின் மேல் இருந்த சாக்பீஸ் வட்டத்தைப் பார்த்தான். குரலை இறக்கிக்கொண்டான்.

"அத்தான், இத வீட்டுல வச்சிருக்கீகளா? அக்கா முடி இதுலதான இருக்கு."

"எந்த முடி?"

"ஒங்களுக்குத் தெரியாதா?" என்றான். பிறகு, "தெரியாட்டி விடுங்க. நான் அப்பப் பச்சப்புள்ள, எனக்கும் முழுசாத் தெரியாது. ஆனா இத எங்கயாச்சும் கெணத்துல..." என்று தொடங்கியவன் வெயிலம்மாள் வருவதைப் பார்த்து வாயை மூடிக்கொண்டான்.

"கெணத்துலயா?" என்று அவள் கேட்டாள். "கெணத்துல போட்டது போதும்டா தம்பி. இந்தா, கறிவேப்பில."

காபி குடிக்காமல் போய்விட்டான்.

ஜூன் 24, திங்கள்

காலையில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே சொன்னாள். நான் எதிரில் உட்கார்ந்து காம்பு கிள்ளினேன். அவள் சொன்னபடியே எழுதுகிறேன்.

அவளுக்கு ஓர் அக்கா இருந்தாள். பொன்னுத்தாய், பத்தொன்பது வயது. இத்தனை வருடத்தில் அந்தப் பெயரை நான் கேட்டதில்லை. மழை பொய்த்த வருடம். கிணற்றில் ஊற்று மட்டும்தான். யாராவது கயிற்றில் இறங்கித் தேங்காய்ச் சிரட்டையால் மொண்டு குடத்தை நிரப்ப வேண்டும். அன்று பொன்னுத்தாய் இறங்கினாள். கயிற்றைப் பிடித்திருந்தவர் சித்தப்பா குருவையா. வெயிலம்மாளுக்குப் பதினாறு வயது. காலிக் குடங்களோடு வந்துகொண்டிருந்தாள்.

"கயித்தக் கால்ல மிதிச்சுக்கிட்டு பீடி பத்த வச்சாரு. நான் பாத்தேன். குனிஞ்சு, கையக் குவிச்சு பத்த வச்சாரு. கயிறு காலுக்கடியில ஓடுனுச்சு. அவரு பாக்கவே இல்ல."

கூட்டம் சேர்ந்ததும் சித்தப்பா, "மாப்பிள பிடிக்கலன்னு சொல்லிக்கிட்டுருந்துச்சு, குதிச்சிருச்சு" என்றார். குதித்தவள் என்பதால் வீட்டில் படம் மாட்டவில்லை. பெயர் சொல்லவில்லை. கல்யாணம் ஆகாமல் இறந்த பெண்களைக் கன்னித் தெய்வங்களாக நினைத்து, வருடா வருடம் அந்த வீட்டில் சிற்றாடை வைத்துக் கும்பிடுவார்கள். அதிலும் அவளைச் சேர்க்கவில்லை.

"அக்கா குதிக்கலன்னு எல்லார்ட்டயும் சொன்னேன். ஒருத்தரும் கேக்கல. பத்து நாள் காய்ச்சல்ல கெடந்தேன். எந்திரிச்சு நடு வீட்டுல நின்னு, 'நான் குதிக்கல'ன்னு கத்துனேன். அப்பக் கேட்டாங்க."

"கேட்டு?"

"கோடாங்கியக் கூட்டியாந்தாங்க."

கீரையைத் தண்ணீரில் போட்டு அலசினாள்.

"அது நீதான பேசுன?" என்று கேட்டேன்.

"அதத்தான் நானும் இத்தன வருசமா கேட்டுக்கிட்டிருக்கேன்" என்றாள். "ஆணி அடிச்சப்புறம் நான் எதுக்கு வாயத் தொறந்தாலும், ஆணி ஆட்டங்கண்டு லேசாயிருச்சான்னு ரோட்டுக்குப் போயிப் பாத்துட்டு வருவாங்க. சோத்துல உப்பில்லன்னு சொன்னாக்கூட. அப்பறம் பேசறதையே விட்டுட்டேன்."

நான் பெண் பார்க்கப் போனபோது, "எங்க புள்ள வாயே தொறக்காது" என்றார்கள். நல்ல குணமாகத்தான் அன்று பட்டது.

கீரை வடிவதற்குள், ஆணியைப் பிடுங்கி ஆற்றில் விட்டுவிடலாம், உனக்கு நிம்மதியாக இருக்கும் என்றேன்.

"எனக்கு நிம்மதியா, உங்களுக்கா?" என்றாள்.

ஜூன் 26, புதன்

அட்டையில் கிண்ணத்தின் குறுக்குவெட்டை முழு அளவில் வரைந்தேன். டிடெக்டரைப் பாயிடம் மறுபடி வாங்கிவந்து ஆணியின் தலையும் நுனியும் எங்கே என்று குறித்து, சிவப்பு மையால் கோடு போட்டேன். லேத்தை ஓடவிடாமல் கத்தியைக் கையால் சுழற்றிச் சுழற்றிப் பார்த்தேன். சிவப்புக் கோட்டைத் தொட்டது. தாங்கியைச் சற்று உள்ளே தள்ளினேன். மறுபடி தொட்டது. இன்னும் தள்ளினேன். கத்தி கோட்டை உரசாமல், ஒரு நெல் அகலம் விட்டுக் கடந்தது. தாங்கியை இறுக்கினேன்.

ஜூன் 27, வியாழன்

இரண்டாவது வெட்டு. வெயிலம்மாள் சுவர் ஓரமாக முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். போகச் சொன்னேன். போகவில்லை.

கத்தி இறங்க இறங்கச் சீவல் நிறம் மாறியது. முதலில் வெளிர் மஞ்சள், பிறகு பழுப்பு, பிறகு மைக்கறுப்பு. ஆணிக்குப் பக்கத்தில் போகும்போதெல்லாம் சுற்றுக்கு ஒருமுறை மெல்லிய சத்தம், யாரோ மூச்சை உள்ளே இழுப்பது போல. நான் வேகத்தைக் குறைத்தேன். கத்தி முனை முழுவதும் கடந்தது. குமிழ் கழன்று விழுந்தது.

டார்ச் அடித்துப் பார்த்தேன். கிண்ணத்தின் உட்சுவரில், மேலிருந்து கீழாக ஆணி கிடந்தது. நான் விட்டிருந்த நெல் அகல மரம் குமிழோடு பிய்ந்து போயிருந்தது; மீதி மரம் ஆணியை முக்கால்வாசி பிடித்திருக்க, ஒரு பக்கம் மட்டும் வெளியே தெரிந்தது. கையால் அடித்துச் செய்த, பட்டையான கொல்லன் ஆணி. கீழே அதன் தலையைச் சுற்றி முடி. இறுக்கமாக, சிக்கில்லாமல், பல சுற்று.

வெயிலம்மாள் எழுந்து வந்து குனிந்து பார்த்தாள். அவளுடைய தலை முழுவதும் நரைத்துவிட்டது. மரத்துக்குள் இருந்த முடி கறுப்பாகவே இருந்தது. எண்ணெய் தடவியது போல மினுங்கியது.

என் கை இடுக்கியை எடுத்திருக்கிறது. எடுத்தது எனக்கு நினைவில்லை.

"தொடாதீக" என்றாள்.

"இது ஏன் இருக்கணும் வெயிலு? வெளிய எடுத்துட்டா முடிஞ்சுபோச்சு."

"எடுத்தா, பேய் வெளிய வந்துருச்சும்பாங்க. இது இருக்கணும். அடிச்சபடியே இருக்கணும்."

பட்டறையைச் சீக்கிரம் பூட்டினேன். மேகமாக இருந்தது.

ஜூலை 4, வியாழன்

ஈர மரம் காய மாதக்கணக்கில் ஆகும், அவசரப்பட்டால் கோணும் என்று சொன்னேன். கோணட்டும் என்றாள். கிண்ணம் இப்போதே முட்டை வடிவமாக இழுத்துக்கொண்டது. ஆணி இருக்கும் பக்கம் மட்டும் மரம் அசையவில்லை. அங்கே உப்புத்தாளும் போடவில்லை. கையால் தேங்காயெண்ணெய் தடவினேன். தடவும்போது வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன், கழுத்து வலி.

ஜூலை 12, வெள்ளி

நல்லமுத்தன்பட்டி. பந்தல், வாழைமரம், ஒலிபெருக்கியில் நாதஸ்வரம். குருவையா பட்டு வேட்டியில், சித்தியோடு மணையில் உட்கார்ந்திருந்தார். மெலிந்துவிட்டார். காது நன்றாகக் கேட்கிறது.

வெயிலம்மாள் கிண்ணம் நிறைய மஞ்சளரிசி கொட்டி மணைக்கு முன்னால் வைத்தாள். "அட்சதைக்குத் தனியாத் தட்டு எதுக்கு, வெயிலம்மா கொண்டாந்த கிண்ணத்துலயே எடுங்க" என்று யாரோ சொல்ல, எல்லோரும் அதிலிருந்தே அள்ளினார்கள். அழகான கிண்ணம் என்றார்கள். வாத்தியார் கடைந்தது என்றார்கள். ஒவ்வொரு பிடிக்கும் அரிசி இறங்கியது. முதலில் ஆணியின் நுனி தெரிந்தது. யாரும் கவனிக்கவில்லை. அரிசி பாதியானபோது உடல் தெரிந்தது. நான் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கடைசிப் பிடியை ஒரு பெண் அள்ளியபோது தலையும் முடியும் தெரிந்தன. அவள் அரிசியைத் தூவாமல் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

"என்ன ஆத்தா இது, ஆணி?" என்று குருவையா கேட்டார்.

"தெரியலையா சித்தப்பா? வெலக்கு வாகை. கோடாங்கிக்கு நீங்கதான சுத்தியல எடுத்துக் குடுத்தீக."

கதிரேசன் ஓடிவந்து, "அக்கா, இன்னிக்கு வேணாம்க்கா" என்றான். சித்தி மணையிலிருந்து பாதி எழுந்துவிட்டாள்.

"அடியே, ஆணியப் புடுங்கிட்டியா?"

"புடுங்கல சித்தி. நல்லாப் பாருங்க. அடிச்சது அடிச்சபடி உள்ள இருக்கு. அது உள்ள இருக்கறப்பத்தான் சொல்றேன். பேயி சொல்லல, நான் சொல்றேன்." குரலை உயர்த்தவே இல்லை. "எங்க பொன்னக்கா குதிக்கல."

யாரோ ஒலிபெருக்கியை நிறுத்தினார்கள்.

குருவையா கிண்ணத்தை மடிக்கு இழுத்தார். கட்டைவிரலை ஆணித்தலையில் வைத்து அசைத்துப் பார்த்தார். அசையவில்லை. பலம் கொடுத்து அழுத்தினார். நகத்தை முடிக்கு அடியில் விட்டு நெம்பினார். அசையவில்லை. பந்தலில் இருந்த எல்லோரும் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவர் தலையை நிமிர்த்தாமலே சொன்னார்.

"தீப்பெட்டி நமுத்துப்போயிருந்துச்சு ஆத்தா. மூணு குச்சி பத்தல."

கதிரேசனுக்குப் புரியவில்லை. "என்ன தீப்பெட்டி? அப்பா, என்ன தீப்பெட்டி?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். சித்திக்குப் புரிந்தது. அவள் மெல்ல மணையை விட்டு இறங்கித் தரையில் உட்கார்ந்தாள்.

நாங்கள் சாப்பிடாமல் கிளம்பினோம். விலக்கில் வாகை நின்ற இடத்தில் ஜல்லி கொட்டியிருந்தார்கள். பஸ் ஏறிய பிறகுதான் கிண்ணத்தை எடுத்துவரவில்லை என்பது எனக்கு உறைத்தது. சொன்னேன்.

"அங்கயே இருக்கட்டும்" என்றாள். "லேசாயிருச்சான்னு இனி அவங்க பாத்துக்கிட்டிருக்கட்டும்."

ஜூலை 14, ஞாயிறு

கருவியைக் கழற்றித் துடைத்து, துரு ஏறாமல் எண்ணெய் தடவி வைத்தேன். சின்னக் குமிழில் கடைந்த கிண்ணத்தை வெயிலம்மாள் எடுத்துக்கொண்டாள். அதில் தண்ணீர் நிரப்பி அடுக்களை ஜன்னலில் வைத்திருக்கிறாள். குருவிக்கு என்று நினைக்கிறேன்.

காலையிலிருந்து பேசிக்கொண்டே இருக்கிறாள். பட்டறை வரைக்கும் கேட்கிறது. இடையிடையே நிறுத்துகிறாள், பிறகு சிரிக்கிறாள், மறுபடி தொடர்கிறாள். கதிரேசனோடு போனில் பேசுகிறாள் என்று முதலில் நினைத்தேன். போன் என் சட்டைப் பையில் இருந்தது.

போய்ப் பார்க்கவில்லை. தாங்கியைப் பெட்டியிலிருந்து மறுபடி வெளியே எடுத்து, ஒவ்வொரு திருகாக இறுக்கிப் பார்த்தேன். எதுவும் லேசாகவில்லை.